கதம் என்றால் ஒன்று இருக்கிறது

எங்கள் அலுவலகத்தில் ஒரு கணக்கு உண்டு. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். உதிரிச் சாமான்களைக் காக்கும் ஸ்டோர் அக்கா "இருக்கு" என்றால் நிறைய இருக்கிறது. "பாக்கணும்" என்றால் இரண்டு இருக்கிறது. "கதம்" என்றால் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்று உங்களுக்குக் கிடைக்காது.

தீர்ந்துவிட்டது என்பதற்கு இந்தத் தீவுகளின் இந்தியில் உள்ள சொல் அது. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாமும் ஒருவரையொருவர் வைதுகொள்வதற்குப் பொதுவாக வைத்திருக்கும் மொழி. அதிலிருந்து அக்கா விரும்பி எடுத்துக்கொண்டது இந்த ஒரு சொல்லைத்தான். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்கிற நிறைவு இருக்கும்.

நான் அப்போது போர்ட் பிளேரில் டிரான்ஸ்மிஷன் பிரிவின் பொறுப்பாளன். இப்போதும் அதே நாற்காலிதான். குஷன் மட்டும் மாறியிருக்கிறது. வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கடலடியில் சென்னையிலிருந்து வந்து சேரும் கேபிளும், இங்கிருந்து வடக்கே திக்லிபூர் வரைக்கும் ரோட்டோரமாகப் புதைந்து போகும் கேபிளும் உள்ளே தலைமுடி அளவுக் கண்ணாடி இழைகளை வைத்திருக்கின்றன. தீவின் போனையும் இன்டர்நெட்டையும் சுமக்கும் வெளிச்சம் அவற்றுக்குள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்வரை என்னை யாருக்கும் தெரியாது. நின்றால், தீவில் இருக்கும் அத்தனை பேருக்கும் என் போன் நம்பர் தெரிந்திருப்பது தெரியவரும்.

அக்கா கச்சால் தீவில் பிறந்தவர். அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அதனால் அதிகாரி என்று யார் வந்தாலும் அவருக்குத் "தொரை"தான். மரியாதைக்குச் சொல்கிறாரா கிண்டலுக்கா என்று பதினைந்து வருஷம் போலப் பழகியும் எனக்குப் பிடிபடவில்லை. ஒல்லியான உடம்பு, எப்போதும் பூப்போட்ட வாயில் சேலை, இடுப்பில் அலமாரிச் சாவி. சாவியைக் கட்டியிருப்பது மஞ்சள் நூல். கேபிளைப் பிளந்தால் கண்ணாடி இழைகளைச் சுற்றி அந்த நூல் இருக்கும், இழுவை தாங்குவதற்காக. கத்திரிக்கோல் பல்லிளித்துவிடும், நூல் அறாது. குடை, டிபன் கேரியர், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் அக்கா அந்த நூலால்தான் கட்டி வைத்திருந்தார். ஆளையே யாரோ பார்சல் கட்டி அனுப்பியதுபோல இருக்கும்.

கடைசி ஒன்றைக் கொடுக்க மாட்டார். எதிலும். கேன்டீனில் தட்டில் கடைசி வடையை எடுக்க மாட்டார், நம்மையும் எடுக்கவிட மாட்டார். அது ஆறிப்போய், எண்ணெய் கசிந்து, மாலையில் காக்காய்க்குப் போகும். தீப்பெட்டியில் கடைசிக் குச்சியை உரச மாட்டார். புதுப் பெட்டி பிரிப்பார். அவர் வீடு துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். சாத்தாமிலிருந்து ஃபெர்ரியில் போக வேண்டும். கடைசி ஃபெர்ரியில் அவர் போனதே கிடையாது. அதற்கு முந்தியதைப் பிடிக்க வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்.

"ஏன்க்கா, அதுவும் அதே கரைக்குத்தானே போகுது?" என்று கேட்டேன்.

"போகும் தொரே. ஆனா அதுல ஏறிட்டா, பின்னாடி ஒண்ணும் இல்லன்னு ஆயிரும்ல."

இதற்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். தோட்டத்துப் பஞ்சம் என்றார் ஒருவர். சுனாமியில் கச்சால் பட்ட பாடு என்றார் இன்னொருவர். நாலு புத்தகம் படித்த கெட்ட பழக்கத்தால் நானும் மனித மனம், இழப்பு என்று ஒரு விளக்கம் தயாரித்து, ஒருநாள் அவரிடமே போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தொரே. எங்கம்மாவும் இப்பிடித்தான். கஞ்சத்தனம்" என்றார்.

கஞ்சத்தனம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. தீவில் எங்கள் சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டும், அவசரம் என்றால் விமானத்தில். இரண்டுக்கும் கடலும் வானமும் மனது வைக்க வேண்டும். புயல் சின்னம் ஒன்று வங்காள விரிகுடாவில் சோம்பல் முறித்தால் போதும், நாங்கள் கையில் இருப்பதை வைத்து வாழ வேண்டியதுதான். மெயின்லேண்டில் ஸ்டோர்கீப்பர் இல்லை என்றால் பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் என்றால் பர்மா.

"சரிக்கா, அந்தக் கடைசி ஒண்ணு எதுக்குத்தான்?"

"அது தெரிஞ்சா குடுத்திருவேன்ல?"

இன்னொன்றும் சொல்வார். "ஒண்ணு இருக்கிற வரைக்கும்தான் தொரே, இல்லன்னு தெம்பாச் சொல்லலாம்."

இந்தத் தெம்பு முருகேசனுக்குப் பிடிக்காது. அவர் திக்லிபூரில் எங்கள் டெக்னீஷியன். முதுகுளத்தூர் பக்கத்து ஆள். கோபம் வந்தால் ஒயரில்லாமலே திக்லிபூரிலிருந்து கேட்கும். ஒருமுறை பேட்ச் கார்டு வேண்டும் என்று கேட்டார். இரண்டு கருவிகளுக்கு நடுவே போடும், இருமுனையிலும் பிளக் வைத்த மஞ்சள் ஒயர், அவ்வளவுதான். "கதம்" என்று பதில் போனது. மறுபடி கேட்டார். மறுபடி கதம். ஆசாமி ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தயாராகி, விடியுமுன் பஸ் ஏறி, காடு, படகு ஏறும் ஜெட்டி, மறுபடி காடு என்று நாள் பூராவும் குலுங்கி, சட்டையெல்லாம் புழுதியாக மறுநாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அலமாரியத் திறங்க. நான் கண்ணால பாக்கணும்."

"உக்காரு முருகேசு. சாப்பிட்டியா?"

"சாப்பாடா முக்கியம்? ஸ்கூலு லைனு விட்டு விட்டு வருது. புள்ளைக திட்டுதுக. ஒத்த ஒயருக்கா!"

"மொதல்ல கையக் கழுவு."

தன் டிபனைப் பிரித்து அவருக்கு வைத்தார். எலுமிச்சம் சோறு, கத்தரிக்காய் வறுவல், அவித்த முட்டை இரண்டு. ஒரு முட்டையைக் கொடுத்தார். முருகேசன் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டு, கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடினார். கிடைத்தபோது பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒயர் இல்லாமலே திரும்பிப் போனார். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு ஜெட்டியிலிருந்தும் எனக்குப் போன். "சார், அந்தம்மா செத்தா அலமாரியையும் சேத்துத்தான் எரிக்கணும்."

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அலமாரி இரும்பு, எரியாது" என்றார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில்தான் அந்த நாள் வந்தது.

அன்று காலையிலிருந்தே வானம் தாழ்ந்து, துறைமுகத்துத் தண்ணீர் ஈயம் மாதிரி இருந்தது. விமானங்கள் ரத்து. கப்பல் எதுவும் கிளம்பாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். மதியத்துக்குச் சற்று முன்னால் எங்கள் கட்டடத்திலேயே வடக்குப் பாதையின் மாட்யூல் உயிரை விட்டது. மாட்யூல் என்பது விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு. கருவியின் மின்சாரத்தை வெளிச்சமாக்கி இழைக்குள் அனுப்புவது அதுதான். அது செத்தால் கேபிள் முழுக்க நன்றாயிருந்தும் பயனில்லை. நல்ல தொண்டை இருக்கிறது, நாக்கு இல்லை.

வடக்கு முழுவதும் இருண்டுவிடவில்லை. சாட்டிலைட் மாற்றுப் பாதை தானாக எழுந்துகொண்டது. அகலமான ரோட்டை அடைத்துவிட்டு ஊரையே வரப்பு மேல் நடக்கவிடுகிற மாதிரிதான் அது. ஆஸ்பத்திரி, போலீஸ், பேங்க் போகும். போன் பேச்சு கேட்கும். படம் போகாது. மேலிடத்துக்குச் சொன்னேன். சேவை தொடர்கிறது அல்லவா, வானம் தெளிந்ததும் முதல் விமானத்தில் உதிரி அனுப்புகிறோம் என்றார்கள். நியாயமான பதில். நானாக இருந்தாலும் சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது முருகேசன் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"சார், ஆத்தா தவறிருச்சு. விடியக்காலம்."

எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "எப்ப எடுக்கிறாங்க?"

"நாலு மணிக்கு. அங்கயும் மழ வர்ற மாதிரி இருக்காம், வச்சிருக்க முடியாதுங்கிறாக. அண்ணன் போன்ல காட்டுறேன்னான் சார். இங்க படம் நிக்குது. கட்டங் கட்டமா வருது. ஆத்தாவா, பந்தலான்னு தெரியல."

இந்தத் தீவுகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மெயின்லேண்டில் சாவு என்றால் நாம் போய்ச் சேர்வதற்குள் பால் தெளித்துவிடுவார்கள். முன்பெல்லாம் தகவல் வந்ததும் கடலில் போய்த் தலைமுழுகிவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். கடலடிக் கேபிள் வந்த பிறகு வீடியோ. கராச்சர்மாவில் எங்கள் தெருவில் பெண்கள் பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து மாரடித்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவையும் நான் அப்படித்தான் அனுப்பிவைத்தேன். போனைப் பிடித்திருந்த சித்தப்பா மகன் கைநடுக்கத்தில் பாதி நேரம் தன் மூக்குத் துவாரத்தைத்தான் காட்டினான். ஆனாலும் ஒரு கணம் அப்பாவின் முகம் தெரிந்தது. யாரோ தலைமுடியைத் தப்பான பக்கம் வாரியிருந்தார்கள். அந்த ஒரு கணம் இல்லையென்றால் இன்றுவரை நான் எதையோ நம்பாமல் இருந்திருப்பேன்.

ஸ்டோருக்குப் போனேன். அக்கா அலமாரிக்கு முன்னால் வழக்கம்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வடக்குப் பாதை மாட்யூல்."

"கதம் தொரே."

"தெரியும். அந்தக் கதமைக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரி ஓடுதா?"

"ஓடுது."

"போலீசு?"

"ஓடுது."

"பேங்கு?"

"எல்லாம் ஓடுதுக்கா."

"அப்பறம் எதுதான் நிக்குது?"

சொன்னேன். முருகேசன் என்ற பெயர் வந்ததும் அவர் கை சாவிக்குப் போனது. திறப்பதற்கு அல்ல, பிடித்துக்கொள்வதற்கு. ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"இதக் குடுத்திடுறோம்னு வையுங்க. நாளைக்குத் தெற்க இருக்கிற ஹட் பே லைன்ல இதே சாமான் போகுது. அங்க சாட்டிலைட்டும் மழைக்குப் படுத்துருச்சு. கப்பல் கிடையாது, பிளேன் கிடையாது. ஒரு புள்ளத்தாச்சிக்கு இங்க டாக்டரக் கேக்கணும். அப்ப ஏங்கிட்ட வந்து நிப்பீங்க. நான் என்னான்னு சொல்றது தொரே? ஒரு செத்த முகத்துக்குக் குடுத்திட்டேன்னா?"

அதிகாரி என்ற முறையில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரியானதைச் சொல்கிறவரிடம் அதிகாரம் காட்டுவதற்கு எனக்கு இன்னும் இரண்டு பிரமோஷனாவது வேண்டும். சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

என் கையிலிருந்த போன் அடித்தது. முருகேசன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், எதுனா வழி இருக்கா?"

"அக்காகிட்டத்தான் நிக்கிறேன் முருகேசன். ஒண்ணு இருக்கு. கடைசி ஒண்ணு."

வழக்கமான வசவு வரும் என்று நான் காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தார், பதிலுக்கு உதடு தயாராக இருந்தது.

"கடைசி ஒண்ணா?" என்றார் முருகேசன். "அப்ப வேணாம் சார். வச்சுக்கிடச் சொல்லுங்க. இந்த மழயில வேற எங்கிட்டாச்சும் போச்சுன்னா வேணும்ல. அக்கா, கேக்குதா? வேணாம்க்கா. நான் சத்தத்தையாவது கேட்டுக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது.

அக்கா எழுந்தார். மஞ்சள் நூலை இழுத்து, சாவியை அலமாரியில் நுழைத்தார். திருகும்போது இருமுறை தவறியது.

"என்னக்கா?"

"கேக்கிறவனுக்கு இல்லன்னு சொல்லிப் பழக்கம். வேணாங்கிறவனுக்கு என்னான்னு சொல்றது?" என்றார், என்னைத் திட்டுகிற குரலில்.

உள்ளிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்தார். டப்பா நிறைய அரிசி. அதற்குள் கைவிட்டுத் துழாவி, மாட்யூலை எடுத்து முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார். இங்கே உப்புக்காற்று எதையும் விடாது. உப்பு ஜாடியிலும் கேமரா பையிலும் எல்லார் வீட்டிலும் ஈரம் உறிஞ்ச ஒரு பிடி அரிசி கிடக்கும். அரிசி என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பது வயதுக்காரன் அலுவலக வராந்தாவில் ஓடினால் ஊழியர்கள் நெருப்பா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

கருவி அறையில் செத்ததைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. வெளிச்சம் எவ்வளவு போகிறது என்று மீட்டரில் பார்த்தேன். போகவில்லை. கசிந்தது என்று சொல்லலாம். அடைத்துக்கொண்ட குழாயில் சொட்டுகிற மாதிரி. இதை நம்பி வடக்கை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரி லைனும் போய்விடும்.

வெளியே இழுத்து, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்து மாட்யூலின் வாயைப் பார்த்தேன். ஒளி புறப்படுகிற துளையில் வெள்ளையாக ஒரு படலம். நகத்தில் கொஞ்சம் ஒட்டியது. முகர்ந்தேன். அரிசி மாவு.

அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்.

"இதுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்குமேக்கா?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"மூடி போட்டா உள்ள வேர்க்கும்ல? ஈரம் வெளிய வரட்டும்னுதான்..." குரல் பாதியில் நின்றது. அவருக்கே புரிந்துவிட்டது. வருஷக்கணக்காக யாருக்கும் கொடுக்காமல், மாமியாரிடமிருந்து நகையைக் காப்பாற்றுவதுபோலக் காப்பாற்றிய ஒன்று. காப்பாற்றியதே அதைக் கெடுத்து வைத்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நிறைவும் இல்லை, கிண்டலும் இல்லை. சின்னப் பெண் மாதிரி இருந்தார்.

"துடைச்சா போயிரும்க்கா. அதுக்கொரு குச்சி இருக்குமே, நுனியில பஞ்சில்லாத துணி சுத்தினது. இருக்கா?"

"கதம்" என்றார் பழக்கத்தில்.

சொன்ன வாய் மூடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பிப் போனார். இந்தமுறை அவரும் ஓடினார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு சுவரில் மோதிய சத்தமும் கேட்டது.

உறை பிரிக்காத ஒற்றைக் குச்சி. ஒருமுறைதான் உபயோகம், இரண்டாம் முறை விட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசிவிடும். ஸ்பிரிட் தொட்டு, துளைக்குள் விட்டு, ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும். இளவயதில் நான் இதைப் பாடிக்கொண்டே செய்திருக்கிறேன். இப்போது தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி. இரண்டும் உதவவில்லை. குச்சி துளைக்குப் பக்கத்தில் போய்ப் போய் விலகியது. அக்கா என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்து மேஜையோடு அழுத்தினார்.

"மெதுவா தொரே. குழந்தைக்குக் காது குடையிற மாதிரி."

திருப்பினேன். எடுத்தேன். சொருகினேன். மீட்டரில் எண் நகர்ந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. தாராளம் என்று சொல்ல மாட்டேன், போதும்.

இனி மாற்றுப் பாதையிலிருந்து வடக்கை இதற்குத் திருப்ப வேண்டும். திருப்புகிற கணத்தில் எல்லாம் ஒருமுறை விழுந்து எழும். எழாவிட்டால் ஆஸ்பத்திரியையும் சேர்த்து விழத்தள்ளியவன் நான்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் பட்டனை அழுத்தினேன். வரிசையாக எல்லா விளக்குகளும் சிவந்தன. அக்கா என் முழங்கையை விடவில்லை. அவருடைய நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. ஒரு விளக்கு பச்சையானது. பக்கத்தில் ஒன்று. பிறகு மற்றவை, பஸ்ஸில் சீட்டு கிடைத்தவர்கள் உட்கார்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக.

முருகேசனைக் கூப்பிட்டு அக்காவிடம் போனைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைக்காமல் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார், ஈரக் குடையைப் பிடிப்பதுபோல. அதிலிருந்து பறைச் சத்தம் வந்தது. முருகேசனின் இன்னொரு போனில் ஓடிய வீடியோவின் சத்தம். பெண்கள் அழுவது, யாரோ "தண்ணிக் கொடத்த எடுங்கப்பா" என்பது. பிறகு ஓர் ஆண் குரல்: "ஏலே முருகேசா, பாத்துக்கடா. ஆத்தாவ நல்லாப் பாத்துக்க."

"தெரியுதா முருகேசு?" என்றார் அக்கா.

"தெரியுதுக்கா. தோடு கழட்டல இன்னும். நான் வாங்கிக் குடுத்தது."

பறைச் சத்தம் நகர்ந்து, தேய்ந்து, அடங்கும்வரை அக்கா அந்தப் போனை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் பார்க்க முடியாது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத ரகம்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கமான ஃபெர்ரியை விட்டுவிட்டார். மழையோடு மழையாகச் சாத்தாம் வரை என் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டேன். கடைசி ஃபெர்ரி ஆடிக்கொண்டு நின்றது. ஏறுவதற்கு முன் திரும்பி, ஜெட்டியில் வேறு ஃபெர்ரி எதுவும் இல்லை என்பதை நன்றாகப் பார்த்துவிட்டு ஏறினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. வானம் தெளியவில்லை. மறுநாளும் விமானம் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. இத்தனை தீவுகளின் லைன்களும் உதிரியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அது எங்கள் இரண்டு பேருக்கும், துக்கத்தில் இருந்த முருகேசனுக்கும்தான் தெரியும். மற்றவர்கள் தெம்பாக இருந்தார்கள். அக்கா கையிலிருந்தே ஒன்று வெளியே வந்துவிட்டதென்றால் உள்ளே இன்னொன்று இருக்கும் என்பது அலுவலகத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. அவர் எப்போதும்போல அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலமாரி பூட்டியிருந்தது. உள்ளே அரிசி இருந்தது.

நான் தூங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஹட் பே என்று நினைத்தேன். கேஸ் சிலிண்டர்காரனிடம்கூட "எந்த லைன்?" என்று கேட்டேன். என் மனைவி இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள், எதற்கென்று தெரியாமல்.

ஒரு மதியம் ஹட் பே பொறியாளரே வந்து நின்றார். வேறு வேலையாக வந்தவர் வானிலையால் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர். தெலுங்குக்காரர், எல்லோரிடமும் இந்தி கலந்து பேசுவார், அக்கா அவருக்குத் தீதி. அவர் ஸ்டேஷனில் மாட்யூல் கொஞ்சம் சூடாகிறதாம். நான் அப்போது ஸ்டோரில்தான் இருந்தேன்.

"தீதி, வடக்குக்குப் போட்ட மாதிரி ஒண்ணு ஹை கியா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அதே முகம்.

"கதம்" என்றார்.

பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அச்சா, அச்சா. ஒண்ணு இருக்கு, போதும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றிரவு அவர் விருந்தினர் விடுதியில் குறட்டை விட்டது பக்கத்து அறை வரை கேட்டதாம்.

அவர் போன பிறகு பார்த்தேன். அக்காவின் விரல்களில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. சுற்றி, இன்னும் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போகுமளவு. தீவுகளின் கையிருப்பில் அப்போது மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதை அவர் குரல் பிசகாமல் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மேகம் கலைந்து முதல் விமானம் இறங்கியது. பெட்டி வந்தது. அக்கா தானே பிரித்தார். மாட்யூல்களின் ரப்பர் மூடிகளைத் தொடவில்லை. ஒவ்வொன்றையும் உறையோடு அடுக்கினார். டப்பாவிலிருந்த அரிசியை ஜன்னலில் காக்காய்களுக்குப் போட்டார். கடைசிப் பிடியைப் போடாமல் டப்பாவை மூடி வைத்தார். அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. தீவிலேயே காரியமெல்லாம் முடித்து வேலைக்குத் திரும்பியிருந்த முருகேசன். பெட்டி வந்த செய்தி வெளிச்சத்தைவிட வேகமாகத் திக்லிபூர் போயிருந்தது.

"அக்கா, நல்லா இருக்கியளா? புதுசு வந்திருக்காம்ல. இங்கிட்டு ஒண்ணு வச்சிருந்தா நல்லது. அனுப்பி விடுறியளா?"

அக்கா அலமாரியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"கதம் முருகேசு" என்றார்.

அதற்கு முருகேசன் வைதது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. கராச்சர்மா வீட்டில் நான் அன்று சாப்பிட்ட கையோடு படுத்தவன்தான். விடிந்து, வெயில் முகத்தில் அடித்து, மனைவி வந்து உலுக்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.